சோத்தாங்கையால் ஓர் அமுக்கு

வலது மணிக்கட்டில் பெல்ட் கட்டிக்கொண்டு கடை திறந்த முதல் நாள், காலையில் வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். கரண்ட் இருந்தது. சர்வர் அதிசயமாக ஓடிக்கொண்டிருந்தது. நானும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மவுஸ் மட்டும் மேசையின் இடது பக்கத்துக்குப் போயிருந்தது. எல்லோர் கண்ணும் அங்கேதான் போனது.

"ஏனுங்க அம்மணி, பீச்சாங்கையிலயா அடிக்கறீங்க?" என்று கேட்டார் முதலில் வந்தவர். மகளின் கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்திருந்தார்.

"ஆமாங்க. சோத்தாங்கைக்கு லீவு."

"அப்பச் செரிங்க. கை நல்லானதுக்கப்பறம் வாறனுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

முந்தின நாள் இதே மனுஷன் போன் போட்டு, நாளைக்கே வேணும், மாப்பிள்ளை பாஸ்போர்ட்டுக்குக் கேட்கிறார் என்று உயிரை வாங்கியிருந்தார். இப்போது அவசரமில்லையாம். அடுத்து வந்த பெண்மணி கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்குள் தேடினார், ஆதார் கார்டை மறந்துவிட்டேன் என்றார், போனார். அந்தக் கார்டின் மூலை அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தில் மேசையைத் தட்டலாம் என்றால் அதற்கும் கை உதவவில்லை.

என் கடை கேரள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம் ஒரு முக்கில் இருக்கிறது. ஒரு பக்கம் உரக்கடை, எதிர்ப்பக்கம் டீக்கடை, நடுவில் கோயம்புத்தூர் பஸ் போகிற ரோடு. ரேஷன் கார்டு, பென்ஷன், வருமான சர்ட்டிபிகட், நில வரி என்று எதற்கு அபேட்சை கொடுப்பதானாலும் இப்போது ஆன்லைன்தான். எங்கள் பக்கம் மனு என்று யாரும் சொல்வதில்லை, தமிழ் பேசுகிற வாயிலும் அபேட்சைதான் வரும். ஸ்கிரீனில் வருவது மலையாளம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது கோயம்புத்தூர்த் தமிழ். இடையில் இருப்பது என் பத்து விரல். பதினாறு வருடமாக அதுதான் பிழைப்பு.

வேலந்தாவளத்தில் இரண்டு கடைகள் இருக்கின்றன. இரண்டிலும் கூட்டம் இருக்காது, மின்விசிறி உண்டு, நாற்காலியும் நல்ல நாற்காலி. அவற்றைத் தாண்டி பஸ் ஏறி என்னிடம் வருவார்கள். காரணம் கைராசி.

முதன்முதலில் கடை ஆரம்பித்த வாரத்தில் ஒரு விதவை பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன். காகிதமெல்லாம் சரியாக இருந்தது, யார் போட்டிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் அது கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. அந்த அம்மாள் போகிற இடமெல்லாம், "அந்த அம்மணி கையில போட்டா ஒடனே வருதுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கைராசி என்றால் விளையாட்டில்லை. தக்காளி நடும்போது முதல் நாற்றை யார் எடுத்துக் கொடுப்பது, போர்வெல் போடும் இடத்தில் யார் தேங்காய் உடைப்பது, வாங்கி வந்த கறவை மாட்டை யார் பிடித்துக் கட்டுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்ததும் அதற்கும் ஒரு ராசியான கை வேண்டியிருந்தது. என் கை அகப்பட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்த நினைப்பு உண்டு. மற்ற வேலையெல்லாம் செய்து முடித்து, கடைசியில் சப்மிட் பட்டனை அமுக்கும்போது மட்டும் விரலைச் சேலையில் ஒருமுறை துடைத்துக்கொள்வேன். யாரும் சொல்லித்தரவில்லை. அப்படியே வந்த பழக்கம்.

அந்தக் கைதான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தன. கையை உதறினால் சரியாகிவிடும், நானும் உதறிவிட்டு வேலை பார்த்தேன். பிறகு தோசைக்கரண்டி நழுவியது. பிறகு சேலைக் கொசுவத்தை விரலால் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் காபி டம்ளர் கையிலிருந்து விழுந்து, வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி போயே போய்விட்டது. அப்போதுதான் அவர் இதை ஒரு வியாதி என்று ஒப்புக்கொண்டார்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. எருக்கிலையைச் சுட்டு ஒத்தடம் கொடு என்றார் உரக்கடைக்காரர். கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் சுளுக்கு வழிப்பார் என்றார்கள், போனேன். விளக்கெண்ணெயைப் போட்டு அவர் வழித்த வழியில் கண்ணில் பூச்சி பறந்தது. மறுநாள் மணிக்கட்டு பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. என் மலையாளத் தோழி மூலிகைக் கிழி கட்டி ஒத்தடம் வைக்கச் சொன்னாள். என் நாத்தனார், கோயம்புத்தூரில் ஊசி போட்டால் ஒரே நாளில் போகும் என்றாள். என் ஒரு கைக்காக இரண்டு மாநிலமும் சண்டை போட்டதில் கடைசியில் கோயம்புத்தூர் ஜெயித்தது, பஸ் கடை வாசலிலேயே நிற்கிறது என்பதால்.

கை டாக்டர் என் வயதுக்காரி. எதையும் கேட்பதற்கு முன்பே, தன் மேசையில் இருந்த கீபோர்டைத் தள்ளி, "எதாவது அடிங்க பாக்கலாம்" என்றார். அடித்தேன். இரண்டு வரி போவதற்குள் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னங்க இது, டைப் அடிக்கறீங்களா, ஆணி அடிக்கறீங்களா?"

பொள்ளாச்சியில் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணிய கை இது. அந்த மிஷினில் தடவினால் எழுத்து விழாது. கார்பன் வைத்த மூன்றாவது தாளிலும் தெளிவாக விழ வேண்டும், இல்லையென்றால் மறுபடி அடி என்பார்கள். மிஷின் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. விரலுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. என் கடையில் நான் வேலை செய்கிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

டாக்டர் ஒரு படத்தைக் காட்டிச் சொன்னார். "மணிக்கட்டுல ஒரு சந்து இருக்குதுங்க. அது வழியாத்தான் இந்த நரம்பு வருது. உள்ள வீங்கி அதை நசுக்குது. மூணு மாசம் பெல்ட் போடுங்க. மவுஸை இடது கைக்கு மாத்துங்க. மேசை உயரம், அதைத் தாழ்த்துங்க. அரை மணிக்கு ஒருக்கா கையை இறக்கி, விரலை நீட்டி மடக்குங்க. கீயை அடிக்காதீங்க, தொடுங்க. போதும்." பிறகு என் கட்டைவிரலின் அடிச்சதையை அமுக்கிப் பார்த்தார். "இந்தச் சதை இளைச்சுதுன்னா ஆபரேஷன்தான். இளைச்சு ரொம்ப நாள் கழிச்சு வந்தீங்கன்னா, ஆபரேஷன் பண்ணியும் பழைய பலம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இது போனால் எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. பயந்துதான் போனேன்.

மேசையைத் தாழ்த்துகிற பொறுப்பை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவருக்கு மோட்டார் வைண்டிங் தொழில். செம்புக்கம்பி என்றால் மயிரிழைக் கணக்குப் பார்ப்பவர், மரம் என்றதும் ஒரே தைரியமாகிவிட்டார். நாலு காலையும் அறுத்தார். ஒரு கால் விரற்கடை கட்டையாகப் போய்விட்டது. அதைச் சரிசெய்ய மற்ற மூன்றை அறுத்தார். இப்போது வேறொரு கால் கட்டை.

"ஏனுங்க, இன்னும் ரெண்டு வாட்டி அறுத்தீங்கன்னா நான் தரையில பாய் போட்டு உக்காந்துக்கறேன்," என்றேன்.

"வாயி மட்டும் நோகறதில்ல பாரு உனக்கு," என்று சொல்லிவிட்டு, பழைய அபேட்சைப் பாரங்களை மடித்துக் காலுக்கடியில் செருகினார். இன்றைக்கும் அந்தக் காகிதத்தின் மேல்தான் என் மேசை நிற்கிறது.

அரை மணிக்கு ஒருமுறை என்றாரே டாக்டர், வேலையில் உட்கார்ந்தால் யார் மணி பார்ப்பது? அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ரோட்டில் எந்தப் பஸ் போனாலும் கையைக் கீழே இறக்கிவிடுவேன். முஷ்டி பிடிக்க வேண்டும், விரலை நீட்ட வேண்டும், கொக்கி மாதிரி மடக்க வேண்டும், மறுபடி நீட்ட வேண்டும். கை தேறியதா என்று விசாரிக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முதலில் பேந்தப் பேந்தப் பார்த்தார்கள். எல்லாம் களை வெட்டுகிற, தேங்காய் உரிக்கிற, மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குகிற கைகள். வலி இல்லாத கை அங்கே ஏது? ஒரு வாரத்தில் பஸ் ஹார்ன் கேட்டதும் பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து கையை நீட்டி மடக்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் வெளியே வந்து நின்று சிரிப்பார்.

ஆனால் இடது கை விஷயத்தில் மட்டும் யாரும் இறங்கி வரவில்லை. வேறு கடைக்கும் போகவில்லை. என் வலது கை தேறுவதற்காகக் காத்திருந்தார்கள்! இதற்கு நான் சிரிப்பதா அழுவதா? கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். டைப் அடிப்பது, ஸ்கேன், பிரிண்ட், எல்லாவற்றுக்கும் இடது கை. சப்மிட் ஒன்றுக்கு மட்டும் பெல்ட்டைக் கழற்றி வலது கையால் ஓர் அமுக்கு. இது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பெல்ட்டின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற சர்ர் சத்தம் கேட்டாலே பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். அபேட்சைக்காரர் எழுந்து நிற்பார். நான் விரலைத் துடைத்துக்கொள்வேன், அமுக்குவேன். "ஆச்சுங்களா?" என்பார். "ஆச்சுங்க" என்பேன். கோவிலில் தீபாராதனை முடிந்த மாதிரி எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

ஓர் அமுக்கில் என்ன வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கழற்றிய பெல்ட்டை உடனே கட்டியிருந்தால் ஒன்றும் வந்திருக்காதுதான். நான் கட்டவில்லை. அடுத்தவர் அவசரப்படுவார், பக்கத்திலேயே வலது கை சும்மா இருக்கும், இந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடலாம் என்று தோன்றும். ஒரு வரி ஒரு பக்கமாகும். இரண்டாம் மாதம் போனபோது டாக்டர் கட்டைவிரல் சதையைத் தொட்டார். முகம் மாறிவிட்டது.

"கழட்டறீங்களா?"

மறைக்காமல் சொன்னேன், கைராசிக் கதையையும் சேர்த்து. அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நிஜமாகவே கோபம் வந்தது.

"உங்க ஊர்க்காரங்களுக்கு நான் வேணா ஒரு லெட்டர் எழுதித் தரட்டுங்களா? மூணு வாரம். குளிக்கறதுக்குத் தவிரக் கழட்டக்கூடாது. ஒரு அமுக்குன்னாலும் கூடாது. அடுத்த தடவை இது இன்னும் இளைச்சிருந்தா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுடுவேன்."

சரி என்று தலையாட்டினேன். வீடு வருகிற வழியில்தான் தக்காளி அக்காவின் நினைவு வந்தது.

தக்காளி அக்கா என்பது நான் வைத்த பெயர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். தக்காளிக் காடுகளில் பறிக்கப் போவார், மார்க்கெட்டில் பெட்டிக்குத் தரம் பிரித்துக் கொடுப்பார். வீட்டுக்காரர் இறந்த பிறகு, அண்ணன் காட்டின் மூலையில் தகரம் போட்ட ஒரு சாளையில் மகளோடு இருந்தார். அண்ணன் காட்டை விற்கப் போகிறார். வைகாசிக்குள் சாளையைக் காலி செய்ய வேண்டும். வீடில்லாதவர்களுக்கு இடமும் வீடும் தருகிற திட்டம் ஒன்று வந்தபோது அவர் என்னிடம் வந்தார். எனக்குக் கை நன்றாக இருந்த காலம் அது. நான்தான் அபேட்சை போட்டேன். இந்த வலது கையால்தான் அமுக்கினேன்.

முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்று தேடிப் பார்த்தபோது குற்றவாளி நானாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் காட்டுச் சாளைகளுக்குக் கதவு எண் கிடையாது. ரேஷன் கார்டு, கேஸ், தபால், எதற்கானாலும் அந்தக் காட்டுக்காரர் வீட்டு எண்ணையே கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் பதினாறு வருடமாக யோசிக்காமல் அப்படித்தான் போட்டு வந்தேன். வீடில்லாதவர் என்று அபேட்சை கொடுக்கும்போதும் கை பழக்கத்தில் அண்ணன் வீட்டு எண்ணை அடித்துவிட்டது. ஓடு போட்ட, நாலு அறை உள்ள வீட்டில் அந்த அக்கா குடியிருப்பதாகக் கம்ப்யூட்டருக்கு ஆகிவிட்டது. யார் அவருக்கு வீடு தருவார்கள்?

தலையில் அடித்துக்கொண்டு அவரிடம் சொன்னேன். வேறு யாராவது என்றால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போச்சாதுங்க அம்மணி, உடுங்க. நானும் அந்த நெம்பர்தானுங்களே சொன்னேன். அப்பீல் போடலாமுன்னீங்களே, அதைப் போடுங்க. உங்க கையிலயே போடுங்க."

"டீ சொல்லட்டுங்களா அக்கா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வேண்டாமுங்க. தண்ணி இருந்தாக் குடுங்க."

அந்த அப்பீலுக்குத்தான் இப்போது நாள் வந்திருந்தது. சாளைக்கு எண் இல்லை என்பதற்குக் காகிதம் வாங்க அலைந்ததில் நாள் ஓடி, கடைசித் தேதிதான் கையில் மிஞ்சியது. பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லி அது நாலாவது நாள். மற்றவர்களிடமெல்லாம் மூன்று வாரத்துக்கு அமுக்கு கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு மட்டும் கழற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். தப்பு செய்தது என் கை. அதைச் சரிசெய்ய ஒரு தடவை வலித்தால் வலிக்கட்டும்.

கடைசித் தேதி என்றால் சர்வருக்கு என்ன வரும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். ஸ்கிரீனில் ஒரு வட்டம் சுற்றியது. மத்தியானம் வரைக்கும் சுற்றியது. அக்கா வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே பெஞ்சில் இருந்தார். பஸ் போனபோதெல்லாம் நானும் அவரும் கையை இறக்கி நீட்டி மடக்கினோம். பெல்ட்டுக்குள்ளிருந்து நான் விரலை மட்டும் மடக்குவேன். ஒருமுறை பாதி மடக்கும்போது முகம் சுளித்துவிட்டேன்.

"சுருக்குங்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பழகிப்போச்சு."

"கடலைக்காய் ஆயற சீசன்ல எனக்கும் இப்பிடித்தானுங்க. சோத்தைப் பெசைய முடியாது. மக ஊட்டி உடுவா," என்று சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மேல் பாரம் திறந்தது. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். காகிதங்களை ஏற்றினேன். கதவு எண் கேட்கிற இடத்தில் 'இல்லை' என்று போட்டு மூன்று தடவை சரிபார்த்தேன். கீழே சப்மிட் பட்டன் பச்சையாக வந்தது. அமுக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் வெளியே தள்ளிவிடும், மறுபடி முதலிலிருந்து.

"அக்கா, வந்துருச்சு," என்றேன்.

அவர் எழுந்தார். சாமி கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்க அம்மணி."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவா? விடிஞ்சதுல இருந்து உக்காந்துட்டு, இந்த நேரம் பாத்து டீ கேக்குதுங்களா உங்களுக்கு?"

"தலை வலிக்குதுங்க. நீங்க போடுங்க," என்று சொல்லிக்கொண்டே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

பெல்ட்டைக் கழற்ற ஒட்டுப்பட்டையைப் பிடித்தேன். மேல் பட்டை வந்தது. அடிப்பட்டையை இழுக்கும்போது முழங்கை வரைக்கும் மின்சாரம் ஏறின மாதிரி ஒரு வலி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்கிரீனில் வட்டம் ஒருமுறை சுற்றி நின்றது. இடது கை பட்டையை விட்டுத் தானாக மவுஸுக்குப் போனது. அமுக்கிவிட்டேன். விரலைத் துடைக்கக்கூட இல்லை.

ரசீது பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, உங்கள் கையால் போடுங்கள் என்று. அதைக்கூடச் செய்யவில்லை. அவசர அவசரமாகப் பெல்ட்டைப் பாதி பிரிந்த மாதிரியே விட்டு வைத்தேன். அவர் வந்தார். ரசீதை நீட்டினேன்.

"சோத்தாங்கையாலதாங்க்கா அமுக்குனேன்," என்றேன், அவர் கேட்காமலே.

"செரிங்க," என்றார். ரசீதை மடித்து வைத்துவிட்டு, என் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பிரிந்திருந்த பெல்ட்டைத் தானே கட்டிவிட்டார். இறுக்கவும் இல்லை, தொளதொளவென்று விடவும் இல்லை. தக்காளி தொடுகிற கை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். கை தேறி வந்தது. மூன்று வாரம் முடிந்து கோயம்புத்தூருக்குப் போனபோது, சதை இளைப்பது நின்றிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், அந்த அக்காவின் வீட்டைக் கொடுத்து என் கையை வாங்கிக்கொண்டேனோ என்று ஒரு அரிப்பு. படித்தவள்தான் நான். சர்வருக்கு எந்த விரல் அமுக்கியது என்று தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். விசாரிக்க ஆள் வந்து சாளையைப் படமெடுத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டபோது, மாரியம்மன் கோவிலுக்கு விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "அதையப் போயி நெனச்சுட்டு இருக்கறியே," என்றார். அடுத்த வாரம் அவரே, "லிஸ்ட்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. மலையாளத்தில் அவர் பெயரும் அவர் அப்பா பெயரும், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடும். நான் போட்ட சத்தத்தில் உரக்கடைக்காரர் கடையை விட்டு ஓடி வந்தார்.

சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து நேராக அக்கா வந்தார். சேலை முழுக்கத் தக்காளிக் கறை. என் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் பொய் சொன்னனுங்க. சோத்தாங்கை இல்லீங்க. பீச்சாங்கையாலதான் அமுக்குனேன்."

அவர் என் கையை விடவில்லை. சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், எதிர்க்கடையைப் பார்த்து, "அண்ணா, ரெண்டு டீ, ஒண்ணு நல்லா ஸ்ட்ராங்கா!" என்று கத்தினேன்.

"எனக்கு வேண்டாமுங்க அம்மணி," என்றார். "டீ எனக்கு ஆகாதுங்களே. நெஞ்சு எரியும். உட்டு ஏழெட்டு வருசமாச்சு."

நான் அவரையே பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கு?"

"நான் இருந்தா நீங்க கழட்டுவீங்க," என்றார். "காலையில இருந்து பாத்துட்டுத்தானுங்க இருந்தேன், அந்தக் கை படற பாட்டை."

டீக்கடைக்காரர் இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டையும் நான்தான் குடித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

தை பிறந்து அஸ்திவாரக் கல் போடுகிற நாளில் அவரும் மகளும் வந்து கூப்பிட்டார்கள். போனேன். மஞ்சள் குங்குமம் வைத்த கல்லை மேஸ்திரி என்னிடம் நீட்டினார். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலது கையை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கினேன். சுற்றிலும் சொந்தக்காரர்கள், மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறவர்கள், என் கடைப் பெஞ்சில் உட்காருகிற பாதிப் பேர்.

"எந்தக் கையிலங்க்கா வைக்கோணும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நோவாத கையில வையுங்க," என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

இடது கையால் வாங்கி வைத்தேன்.